கடற்கரைக்குக் காவல் வேண்டும்

(காணும் பொங்கலுக்கு முந்திய வாரத்தில், ஆலைத் தொழிலாளர் - விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே, தாய்மார்களே, வாலிபத் தம்பிகளே!

கூலி உயர்வு, போனஸ், பஞ்சப்படி என்று பேசுகிற மேடையில், கடலில் குளிப்பதைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். ஆம், அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். இன்னும் சில தினங்களில் நம்மில் பலர் பெண்டு பிள்ளைகளோடு வேனிலும் பஸ்ஸிலும் ஏறிக் கடற்கரைக்குப் போவோம். சென்னைப் பக்கத்துத் தோழர்கள் மெரினாவுக்கும் எலியட்ஸுக்கும் போவார்கள். தெற்கே உள்ளவர்கள் திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் போவார்கள். நாகை, தஞ்சை வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்கள் வேளாங்கண்ணிக் கடலில் கால் நனைப்பார்கள். வருஷம் முழுவதும் தறிச் சத்தத்திலும் சேற்றிலும் கிடந்த உடம்புக்கு அது ஒரு நாள் விடுதலை.

அதற்கு மறுநாள் பத்திரிகையைப் புரட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு மூலையில் மூன்று வரி இருக்கும். "கடலில் குளித்த வாலிபர் அலையில் சிக்கிப் பலி." அவ்வளவுதான். அவன் யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை. ஆலையில் அப்ரண்டிசாக இருந்தவன், கட்டட வேலைக்குப் போனவன், பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு வந்தவன். ஊர்க் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து நீந்தியவன். ஏரியை இக்கரைக்கும் அக்கரைக்கும் கடந்தவன். நீச்சல் தெரியாதவன் கரையிலேயே நின்று பிழைத்துவிடுகிறான். நீச்சல் தெரியும் என்று நம்பியவனையே பல சமயம் கடல் கொண்டுபோய்விடுகிறது.

ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? "விதி முடிந்தது" என்கிறார்கள். "கடலம்மா பலி கேட்டாள்" என்கிறார்கள். "வயசுத் திமிர், சொன்னால் கேட்கிறானா?" என்கிறார்கள். ஆலையில் பெல்ட்டில் கை சிக்கித் துண்டாகும்போதும் இதைத்தானே சொன்னார்கள்? அன்று நாம் என்ன கேட்டோம்? "இயந்திரத்துக்குத் தடுப்பு எங்கே? பயிற்சி எங்கே? மேற்பார்வை எங்கே?" என்று கேட்டோம். அதே கேள்வியைக் கடற்கரையிலும் கேட்க வேண்டும் என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

கடற்கரை யாருடையது?

"அப்படியானால் கடற்கரைக்குப் போகாதே என்று சொல்லிவிட்டால் போகிறது" என்று சில பெரிய மனிதர்கள் சொல்வார்கள். அது பதிலாகாது. பணக்காரனுக்குக் கிளப் இருக்கிறது, மலைவாசஸ்தலம் இருக்கிறது, நட்சத்திர ஹோட்டலின் நீச்சல் குளம் இருக்கிறது. ஏழைக் குடும்பம் காசு கொடுக்காமல் காற்று வாங்குவதற்கு எங்கே போகும்? கடற்கரை ஒன்றுதான் நுழைவுச் சீட்டு கேட்காத இடம்.

சென்னைக் கடற்கரைக்கும் உழைப்பாளி மக்களுக்கும் பழைய உறவு உண்டு. மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே 1 அன்று இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியது அந்தக் கரையில்தான். ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959இல் அங்கே நிறுவப்பட்டது. பாறையைப் பெயர்க்கும் நான்கு தொழிலாளிகள் இன்றைக்கும் அங்கே நிற்கிறார்கள். அந்தக் கரைக்கு வராதே என்று நம்மிடம் சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை. வந்தவர் உயிரோடு வீடு திரும்ப என்ன ஏற்பாடு என்பதுதான் கேள்வி.

கடல் எப்படி இழுக்கிறது?

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். கடல் ஆளை இழுக்கிறது என்கிறோமே, எப்படி இழுக்கிறது?

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வயலுக்குள் மடை வழியாகத் தண்ணீர் பாய்கிறது. வரப்புக்குள் தண்ணீர் ஏறுகிறது. வரப்பில் எங்கேயாவது நண்டு வளை போட்டிருந்தால் என்ன ஆகும்? வயல் முழுவதும் ஏறிய தண்ணீர் அந்த ஒரு உடைப்பைத் தேடி ஓடி வரும். வயலின் மற்ற இடத்தில் தண்ணீர் அசையாமல் இருக்கும். உடைப்பில் மட்டும் காலை வாரும் வேகம் இருக்கும்.

கடலிலும் இதே கதைதான். கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீருக்கு அடியில் மணல் திட்டு வரப்புப் போலக் கிடக்கிறது. அலைகள் அதன் மேல் உடைந்து தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளுகின்றன. அலைக்கு மேல் அலை வந்து தள்ளத் தள்ளக் கரையோரம் நீர்மட்டம் உயர்கிறது. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே? மணல் திட்டில் எங்கே பள்ளமான இடைவெளி இருக்கிறதோ, அங்கே கூடி, குறுகலான ஆறு போலக் கடலை நோக்கி ஓடுகிறது. இதைத்தான் இழுப்பு நீரோட்டம் என்கிறோம். இதன் வேகம் சாதாரணமாக ஒரு மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்துக்குள் இருக்கும். கடல் பொங்கும்போது நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டிவிடும். ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கம் வாங்கியவன்கூட அதை எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். இந்த நீரோட்டம் ஆளைக் கடலுக்கு அடியில் இழுப்பதில்லை. மேலாகவே கடலுக்குள் கொண்டுபோகிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் அதன் வேகம் செத்துவிடும். பின் ஆள் ஏன் சாகிறான்? கரை தூரப் போவதைக் கண்டு பயந்து, கரையை நோக்கி நேராக, முழு பலத்தோடு நீந்துகிறான். நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக் கை ஓய்ந்து, மூச்சுத் திணறி மூழ்குகிறான். அவனை அடித்துப் போடுவது களைப்பும் திகிலும்தான்.

அதன் அடையாளம் என்ன? இதில்தான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். வரிசையாக வெள்ளை நுரை உடைந்து வரும்போது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கறுத்து, அமைதியாகத் தெரியும். "அங்கே அலை இல்லை, பிள்ளைகளை அங்கே குளிக்க விடலாம்" என்று நினைக்கிறோம். அதுதான் உடைப்பு! அலை உடையாததற்குக் காரணம் அங்கே ஆழம் அதிகம். கலங்கிய மணல்நீரோ நுரையோ ஓரிடத்தில் மட்டும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாலும் அதே அடையாளம்தான். கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இப்படிப்பட்ட இழுப்பு உண்டாகும். ஆற்று முகத்துவாரத்திலும் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். அந்த இடங்களில் கால் வைக்காதீர்கள்.

கரையின் சரிவும் ஒரு அபாயம். மெரினா போன்ற கரைகளில் தண்ணீர் விளிம்பைத் தாண்டியதும் தரை சட்டென்று சரிகிறது. முழங்கால் தண்ணீரில் நிற்பவன், அலை திரும்பும்போது காலடி மணல் கரைந்து, இரண்டடி தள்ளிக் கழுத்தளவு தண்ணீரில் இருப்பான். நனைந்த புடவையோடு நிற்கும் தாய்மார்களுக்கும், கையை விட்ட குழந்தைகளுக்கும் இது பெரிய ஆபத்து. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் தண்ணீர் நிற்காது. கிணற்றில் படித்த நீச்சல் கடலுக்குப் போதாது என்பதன் அர்த்தம் இதுதான்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

தம்பிகளே, இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தாதே. மல்லாந்து மித. மூச்சைக் காப்பாற்று. ஒரு கையை உயர்த்திக் கூப்பிடு. நீந்தும் பலம் இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில், அலை உடைந்து வெள்ளை நுரை வரும் இடத்தை நோக்கி நீந்து. அங்கே மணல் திட்டு இருக்கும். அலையே உன்னைக் கரைக்குத் தள்ளும். ஒரு பக்கம் நீந்தி முன்னேற முடியாவிட்டால் மறுபடி மித. பிறகு மறுபக்கம் முயற்சி செய்.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் "காப்பாத்துங்க" என்று கத்துவான் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காப்பாளராக வேலை பார்த்த பிராங்க் பியா என்பவர், மூழ்குவோரைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1970களில் உலகுக்கு ஓர் உண்மையைச் சொன்னார். நிஜமாக மூழ்குகிறவனால் கத்த முடியாது. மூச்சு வாங்கவே வாய் போதாது. பேச்சு எங்கே வரும்? கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது. கைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் அமுக்கிக்கொண்டே இருக்கும். நிமிர்ந்த உடம்போடு, வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாக, சத்தமின்றி 20 முதல் 60 நொடிக்குள் முழுகிவிடுவான். பக்கத்தில் குளிப்பவனுக்கே தெரியாது. ஆகவே பிள்ளைகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காது கொடுத்துக் காத்திருந்தால் காலம் தப்பிவிடும்.

ஒருவன் மாட்டிக்கொண்டால் நம் ஜனங்களின் நல்ல மனசு என்ன செய்கிறது? அண்ணன் குதிக்கிறான், மாமன் குதிக்கிறான், நண்பன் குதிக்கிறான். ஒரு பிணத்துக்குப் பதில் மூன்று பிணம் வீட்டுக்கு வருகிறது. மூழ்குகிறவன் பிடித்த பிடியை விடமாட்டான். காப்பாற்றப் போனவனையும் சேர்த்து அமுக்குவான். வீரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அறிவோடு வீரம் வேண்டும் என்கிறோம். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனை எறியுங்கள், பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து எறியுங்கள், லாரி டியூபை எறியுங்கள், கயிறு வீசுங்கள். மிதக்கும் பொருள் ஒன்று கைக்குக் கிடைத்தால் போதும், உதவி வரும்வரை அவன் தாங்குவான். காவலரையும் மீனவரையும் கூப்பிடுங்கள். 112க்கும் 108க்கும் போன் செய்யுங்கள். அவன் இருக்கும் இடத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்து விரலால் காட்டிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும்.

கரை சேர்த்த பிறகு? வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் நம் ஊர்ப் பழக்கம். அது கூடவே கூடாது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். பொன்னான நிமிஷங்களும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் இரு கைகளால் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்த வேண்டும். மறுபடி 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. இதைப் படிக்க அரை நாள் போதும். நம் சங்கங்கள் ஒரு டாக்டரையோ நர்ஸையோ அழைத்து ஏன் இதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது?

சிட்னியில் நடந்தது

ஜனங்கள் ஒழுங்காகக் கூடினால் கடலையும் காவல் காக்க முடியும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

1830களில் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை, பிறர் பார்க்கும்படியான இடத்தில் யாரும் நீரில் இறங்கிக் குளிக்கக் கூடாது! மானம் மரியாதைக்காகவாம். பகலெல்லாம் வேலை பார்ப்பவன் பொழுது விடியுமுன் போய்க் குளித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1902இல் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பட்டப் பகலில் கடலில் இறங்கினார். அடுத்த ஆண்டே மேன்லி நகரசபை பகல் குளியலை அனுமதித்தது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கடலுக்கு வந்தார்கள். உரிமை கிடைத்தது, ஆனால் பாதுகாப்பு இல்லை. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத நகரத்து ஜனங்கள் அலையில் செத்தார்கள்.

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? "கடல் பொல்லாதது" என்று பலகை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. குளிக்க வந்தவர்களே கரைதோறும் காவல் சங்கங்கள் அமைத்தார்கள். 1907 அக்டோபரில் அந்தச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து மாகாண ஸ்தாபனம் ஒன்றை உண்டாக்கின. கருவி என்ன தெரியுமா? நம் கிணற்று ராட்டினத்தைப் போல ஒரு பெரிய உருளை. அதில் சுற்றிய நீளக் கயிறு. ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் மூழ்குகிறவரைப் பிடிப்பார். கரையில் இருப்பவர்கள் இருவரையும் இழுத்துக் கரை சேர்ப்பார்கள். நீந்துபவர் ஒருவர், கயிறு விடுபவர் சிலர், சுற்றுபவர் ஒருவர். தனி ஆளின் சாகசம் கூட்டு வேலையாக மாறிய இடம் அது.

அந்தக் காவலர்கள் 1907 ஜனவரியில் பாண்டை கடற்கரையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினார்கள். அவன் பெயர் சார்லஸ் கிங்ஸ்போர்டு ஸ்மித். பிற்காலத்தில் 1928இல் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பசிபிக் மகாசமுத்திரத்தின் மேல் முதன்முதலாக விமானத்தில் பறந்து வந்த குழுவின் தலைவன் அவன்தான். நம் கரைகளில் மூன்று வரிச் செய்தியாக முடிந்த பிள்ளைகள் என்னவெல்லாம் ஆகியிருப்பார்களோ, யார் கண்டது?

1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. அதே பாண்டை கரையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள். அடுத்தடுத்துப் பெரிய அலைகள் வந்து, மணல் திட்டில் நின்றவர்களை அடித்து, 200 பேருக்கு மேல் கடலுக்குள் வாரிக்கொண்டு போயின. காவல் இல்லாத கரையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று போட்டி ஒன்றுக்காகக் காவலர்கள் ஏராளமாகத் திரண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கயிற்றோடும் பலகையோடும் பாய்ந்தார்கள். நினைவிழந்து கிடந்தவர்களுக்கு மணலிலேயே மூச்சுக் கொடுத்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். இன்றும் அந்த நாட்டார் அதைக் கறுப்பு ஞாயிறு என்று துக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். ஐந்து உயிருக்கு அவர்கள் அப்படித் துக்கப்படுகிறார்கள் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

இன்று அந்தக் கரையில் நகரசபையிடம் சம்பளம் வாங்கும் காவலர்கள் வருஷம் முழுவதும் இருக்கிறார்கள். கோடைகால விடுமுறை நாட்களில் தொண்டர்களும் சேர்கிறார்கள். தினமும் காலையில் கடலைப் பார்த்து, இழுப்பு இல்லாத இடத்தில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளை நடுகிறார்கள். அந்தக் கொடிகளுக்கு நடுவில் குளி, வெளியே குளிக்காதே. சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதே. குழந்தைக்கும் புரியும் பாஷை. அவர்களிடமும் குறை இருந்தது. 1980 வரை பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்கவில்லை. போராடித்தான் பெண்கள் அந்த இடத்தைப் பெற்றார்கள்.

அமெரிக்க உயிர்காப்பாளர் சங்கத்தின் மதிப்பீடு ஒன்று உண்டு. தங்கள் அங்கத்தினர் காவல் நிற்கும் கடற்கரைக்கு வருகிறவர் மூழ்கிச் சாகும் வாய்ப்பு, 1 கோடியே 80 லட்சத்தில் ஒன்று என்கிறார்கள். கடல் எங்கும் ஒரே உப்புத்தான். காவலில்தான் வித்தியாசம்.

நம் நிலைமை என்ன?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுதோறும் 30 ஆயிரம் பேருக்கு மேல் கிணற்றிலும் குளத்திலும் ஆற்றிலும் கடலிலும் மூழ்கிச் சாகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2021இல் ஜூலை 25ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்தது. நம் கிராமங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. காணும் பொங்கலன்று மெரினாவில் சவுக்குக் கட்டை கட்டி, போலீஸ் நிறுத்தி, கடலில் இறங்காமல் தடுக்கிறார்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தாரும் தீயணைப்புப் படையினரும் மீனவ இளைஞர்களும் உயிரைப் பணயம் வைத்துப் பலரை மீட்டிருக்கிறார்கள். அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் தடுப்பு இல்லாத நாட்கள்? பெயர் தெரியாத சிறிய கரைகள்? அங்கே பெரும்பாலும் ஒரு துருப்பிடித்த பலகைதான் காவல். எழுத்து அழிந்த அந்தப் பலகையால் நீந்தத் தெரியுமா? நாலடித் தண்ணீர் உள்ள ஹோட்டல் குளத்துக்கு ஒரு காவலாளி இருக்கிறார். பணம் கொடுத்தவர்கள் குளிக்கும் இடம் அது. ஏழைகள் குளிக்கும் மகாசமுத்திரத்துக்குப் பலகை போதுமா?

காவலரும் தொழிலாளிதான்

காவல் வைத்தால் மட்டும் போதாது. காவலரின் வாழ்வையும் பார்க்க வேண்டும். கோவாவில் கடற்கரைக் காவலை 2008 முதல் தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். அங்கே பல உயிர்கள் காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் காவலர்களே, எங்களைச் சர்க்கார் நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்று 2018-19இல் போராட வேண்டி வந்தது. 2019 ஆகஸ்டில் திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் ஒரு காவலர், கடலில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றினார். தாம் அலையில் சிக்கி உயிர் துறந்தார். இப்படிப்பட்ட வேலையைச் செய்பவனை, நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்ற நிலையில் வைப்பது நியாயமா? வெயிலில் எட்டு மணி நேரம் கண் கொட்டாமல் கடலைப் பார்ப்பவனுக்கு நிழல் வேண்டாமா, ஷிப்டு வேண்டாமா, இன்ஷூரன்ஸ் வேண்டாமா?

இந்த வேலைக்கு ஆள் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம்: மீனவக் குப்பங்களில் இருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே நீரோட்டத்தைச் சொல்லக்கூடிய அந்த வாலிபர்களுக்குப் பயிற்சியும் கருவியும் நிரந்தர வேலையும் கொடுத்தால் அவர்களைவிடச் சிறந்த காவலர் எங்கே கிடைப்பார்கள்?

நம் கோரிக்கைகள்

ஆகவே தோழர்களே, இந்தக் கூட்டத்தின் சார்பில் நாம் கேட்பது இவை:

1. ஜனங்கள் கூடும் ஒவ்வொரு கடற்கரையிலும் வருஷம் முழுவதும், விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் வேண்டும்.

2. அவர்கள் நிரந்தர ஊழியர்களாக இருக்க வேண்டும். மீனவ இளைஞர்களுக்கு, பெண்கள் உட்பட, முதலிடம் வேண்டும்.

3. காவல் மேடை, மிதவை, மீட்புப் பலகை, கயிறு, முதலுதவிச் சாமான் எல்லாம் கரையிலேயே இருக்க வேண்டும்.

4. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி கொடிகள் நட வேண்டும். ஒலிபெருக்கியில் தமிழில் எச்சரிக்க வேண்டும்.

5. பஞ்சாயத்துப் பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளிலும் நீச்சலும் மூச்சு மீட்பும் கற்பிக்க வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் கை கட்டி இருக்க வேண்டியதில்லை. இந்தக் காணும் பொங்கலுக்கே தொடங்குவோம். புறப்படும் ஒவ்வொரு வேனிலும் இரண்டு பேரைக் காவலாக நியமியுங்கள். அவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. கடலைப் பார்ப்பது மட்டுமே அவர்கள் வேலை. மணிக்கொரு தரம் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நீளக் கயிறும் இரண்டு காலிக் கேன்களும் சோற்று மூட்டையோடு ஏறட்டும். குடித்தவனைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நாளைக்கு உயிரோடு இருந்து சண்டை போடட்டும். கரைக்குப் போனதும் முதலில் அங்குள்ள மீனவரிடம் "அண்ணே, இன்றைக்கு எங்கே இழுப்பு?" என்று கேளுங்கள். தடுப்புக் கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். குழந்தையின் கையை ஒரு பெரியவர் பிடித்திருக்கட்டும். இறங்கும்போது எண்ணுங்கள், ஏறும்போதும் எண்ணுங்கள்.

ஆலையில் பத்து பேர் போனால் பத்து பேரும் திரும்ப வேண்டும் என்று போராடுகிறவர்கள் நாம். கடற்கரைக்கும் அதே கணக்குத்தான். கோரிக்கை மகஜர் இங்கே மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். கூட்டம் முடிந்ததும் அந்தக் கயிற்றையும் கேனையும் யார் கொண்டுவருவது என்று வேன் வாரியாக இங்கேயே முடிவு செய்துவிட்டுப் போவோம்.